சுவருக்குப் பின்னால் பதினொரு பேய்கள்

கெடா மாநிலத்தில், ஒரே காலையில், கையில் தொங்கிய தே தாரிக் டீப் பொட்டலம் ஆறுவதற்குள் பதினொரு பேய்களைப் பிடித்தவன் நான். அவற்றில் மூன்று பேய்கள் பள்ளிச் சீருடையில் இருந்தன. ஒன்று எனக்கு வணக்கம்கூடச் சொன்னது.

நம்ப மாட்டீர்கள். என் உதவியாளர் உமாராணி பக்கத்தில் நின்று பார்த்தவள். அவளே நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள். பரவாயில்லை. முப்பத்தோரு வருடம் தண்ணீர் ஆபீசில் மீட்டர் படித்தவன் இந்தக் குழந்தைவேலு. திகாம் பத்துவிலிருந்து செமிலிங் வரை நான் எட்டிப் பார்க்காத கொல்லைப்புறம் கிடையாது, என்னைக் கடிக்காத நாயும் கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய இறங்கிவிட்டேன். இரண்டும் ஒரே வேலைதான். முன்வாசலில் சிரிக்கிற வீடு பின்பக்கம் என்ன செய்கிறது என்று போய்ப் பார்ப்பது.

உமாராணி கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் சூப்பர்வைசர். இப்போது என் துப்பறியும் நிறுவனத்தின் ஒரே ஊழியர், ஒரே ஓட்டுநர், ஒரே எதிர்க்கட்சி. நிறுவனத்தின் வாகனம் அவளுடைய பழைய மைவி காடி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை. கெடாவில் ஞாயிறு வேலை நாள். பள்ளிக்கூட வேன்கள் ஓட ஆரம்பித்திருந்தன. ஈசா பாய் கடையில் டீயைக் கட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது.

"மிஸ்டர் வேலு, உடனே வாங்க. எங்க வீட்டுக்குச் செய்வினை வெச்சிட்டாங்க!"

பேசியது டத்தின் ஷாமளா. பினாங்கில் பெரிய நகைக்கடைக் குடும்பத்துப் பெண். டத்தோ பட்டம் வாங்கியவரின் மனைவி என்பதால் டத்தின். கணவர் டத்தோ குணாளன், சுங்கை லாலாங் பக்கம் காவல் போட்ட தாமான் குடியிருப்பு ஒன்றைக் கட்டி, அதில் ஆகப் பெரிய வீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டவர். வாசல் கதவிலிருந்து ஹாலுக்கு நடந்து போவதற்குள் எனக்குப் பசி எடுத்துவிட்டது.

"பதினெட்டு அடிதான் அண்ணே," என்றாள் உமாராணி.

டத்தின் எங்களை நேராக மாடி பால்கனிக்கு அழைத்துப் போனார். கீழே பின்சுவர், பத்தடி உயரம். அதற்கு அந்தப் பக்கம், கால்வாயின் சிமெந்து விளிம்பில், பதினொரு பொருள்கள் ஒரே நேர்கோட்டில் வைக்கப்பட்டிருந்தன. பால்மாவு டின். தலையில்லாத பொம்மை. சிவப்புப் புள்ளி வைத்த செங்கல். மோட்டார் சைக்கிள் கண்ணாடி. ஓர் ஒற்றைச் செருப்பு.

"ஏழு நாளா வருது. காலையில இருக்கும், நான் ஜிம்முக்குப் போயிட்டு மத்தியானம் வந்து பார்த்தா இருக்காது. பூசாரிய அழைச்சிட்டு வந்து காட்டினேன். வீட்டுக்குள்ள நடமாடுற ஆளுதான் வெச்சதுன்னாரு. அந்த நீல மூடி தெரியுதா? எங்க வீட்டு பிஸ்கட் டின் மூடி. தூக்கிப் போடுன்னு நான்தான் அழகம்மாகிட்ட கொடுத்தேன்."

வீட்டு வேலை செய்யும் அழகம்மா கதவோரம் தட்டுடன் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"நீதானே வெச்ச?" என்றார் டத்தின்.

டத்தின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள வாயத் திறக்கல, வேலையும் போச்சு, போலிஸ் ரிப்போர்ட்டும் ஆச்சு."

அழகம்மா தட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையையே பார்த்தாள். அவளுடைய காற்சட்டையின் ஓரம் முழுக்க ஒட்டுப்புல் விதைகள்.

"டத்தின், இவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"பீடோங் பக்கம்னு நினைக்கிறேன். பஸ்ல வருவா போல."

"எத்தனை வருஷமா வேலை செய்யறாங்க?"

"அஞ்சு வருஷம்."

"அஞ்சுதானே," என்றாள் உமாராணி. "அட்ரஸ் கேக்க இன்னும் டைம் இருக்கு லா."

நான் அவள் காலை மிதித்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து இந்த வீடு வரை தார்ச்சாலை, அதற்கப்புறம் டைல்ஸ். ஒட்டுப்புல் முளைக்க ஓர் அங்குல இடம் கிடையாது. இந்தப் பெண் பஸ்ஸில் வரவில்லை.

அப்போது டத்தோ குணாளன் வந்தார். அறுபதை நெருங்குகிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, அமைதியான குரல்.

"மிஸ்டர் வேலு, எனக்குச் செய்வினையில நம்பிக்கை இல்ல. இவங்க மனசு நிம்மதிக்காகத்தான் உங்கள வரவழைக்கச் சம்மதிச்சேன்."

"சுவருக்குப் பின்னால யாரு டத்தோ இருக்காங்க?"

"யாரும் இல்ல. செம்பனைக் காடு. பழைய தோட்டத்துத் தொழிலாளிங்க லயம் ஒண்ணு இருந்துச்சு, எப்பவோ காலி பண்ணிட்டாங்க. தண்ணி ஆபீஸே ஆள் இல்லன்னு எழுதி மீட்டரைக் கழட்டிட்டுப் போயிடுச்சு. அந்தக் காகிதத்த நானே பார்த்திருக்கேன்."

படம் ஏதாவது எடுத்தீர்களா என்று டத்தினிடம் சட்டென்று பேச்சைத் திருப்பினேன்.

டத்தின் ஏழு நாளும் தவறாமல் படம் எடுத்து வைத்திருந்தார். உமாராணி கைப்பேசியை வாங்கி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். அடுத்த கண்டுபிடிப்பு என்னுடையது. அவளைக் கேட்டால் அவளுடையது என்பாள்.

"அண்ணே, நேத்து இந்தச் செருப்பு முதல்ல இருந்துச்சு. இன்னிக்குக் கடைசியில கிடக்கு. முந்தாநாள் கண்ணாடி முதல்ல, நேத்து அது கடைசியில."

"அதே பதினொண்ணு. வரிசை மட்டும் ஒரு இடம் நகருது," என்றேன். "டத்தின், மந்திரவாதிக்கு வரிசைதான் முக்கியம். தினமும் வரிசையை மாத்தறவன் பாடத்த மறந்த மந்திரவாதி. இது வேற ஏதோ கணக்கு."

"இத யாராச்சும் எடுத்துப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டாள் உமாராணி.

"காவல்காரன் நீளக் குச்சியால தள்ளிவிடறேன்னான். டத்தோதான் யாரும் தொடக்கூடாதுன்னுட்டாரு," என்றார் டத்தின்.

டத்தோ யாருக்கோ போன் பேசுவதுபோல உள்ளே போய்விட்டார்.

காடியில் ஏறியதும் உமாராணி கேட்டாள். "பேய்க்குப் பயப்படுறாரோ?"

"செய்வினையில நம்பிக்கை இல்லன்னு இப்பத்தானே சொன்னாரு."

"அப்புறம் குப்பையத் தொடக்கூடாதுன்னு ஏன் சொல்லணும்?"

பால்கனியிலிருந்து நாற்பது அடி தூரத்தில் கிடந்த அந்த வரிசையை அடைய எட்டுக் கிலோமீட்டர் சுற்றினோம். அந்தச் சுவரில் ஒரு கதவுகூடக் கிடையாது. உமாராணியின் காடி மீட்டர் மூன்றரை என்று காட்டியது. மீட்டர்களை நான் நம்புவதில்லை, அனுபவம் அப்படி.

மெயின் ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் திரும்பினோம். செம்பனை மரங்களுக்கு நடுவே காடி குதித்துக் குதித்துப் போனது. திடீரென்று மரங்கள் விலகின. துருப்பிடித்த தகரக்கூரை ஒன்று நீளமாகப் படுத்துக் கிடந்தது. அதன் கீழே கதவுகள். எண்ணினேன். பதினொன்று.

மூன்று பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் பாதையில் நடந்து வந்தார்கள். "வணக்கம் சார்," என்றாள் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி. வெள்ளைச் சட்டைக் காலரை மட்டும் துவைத்திருந்தது தெரிந்தது. சட்டை முழுவதையும் நனைக்கத் தண்ணீர் போதவில்லை.

கதவுகளில் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். ராமையா என்று பெயர் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முடித்து, செம்பனைக் குலையும் வெட்டி முடித்து, இப்போது மூட்டு வலியோடு உட்கார்ந்திருக்கிறவர்.

"சுவரோரம் அந்தச் சாமானெல்லாம் யாரு ஐயா வெச்சது?"

அவர் முகம் இறுகியது. உமாராணி சட்டென்று உள்ளே புகுந்தாள். "நாங்க ஆபீஸ் ஆளு இல்ல ஐயா. அழகம்மாவத் திருடி மாதிரி நிக்க வெச்சிருக்காங்க. பத்து மணிக்குப் போலிசுக்குப் போறாங்களாம். அதான் கேக்க வந்தோம்."

பெரியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்.

"கிணறு வத்தி எட்டு நாளாச்சு. அந்த வீட்டுல பெரிசா ஒரு வாட்டர் ஃபில்டர் இருக்கு. அதத் தினமும் கழுவி விடணுமாம். டத்தின் வெளிய கிளம்பினதும் அழகம்மா கழுவும். கழுவுற தண்ணி சுவத்து ஓட்டையில வந்து விழும். முத அஞ்சு நிமிஷம் கலங்கலா வரும், அது துணிக்கு. அப்புறம் தெளியும், அதக் காய்ச்சிக் குடிப்போம். அரைமணி நேரத்துக்கு மேல திறந்து வெச்சா காவல்காரன் வந்துடுவான். கடைசி மூணு வீட்டுக்கு எப்பவும் பத்தாது. அதான் முறை மாத்திக்கறோம். இன்னிக்கு முதல் ஆளு நாளைக்குக் கடைசி."

"ஆளு நிக்காம சாமான் எதுக்கு?" என்று கேட்டாள் உமாராணி.

"விடிஞ்சதுல இருந்து பத்து மணி வரைக்கும் அங்க நின்னா மாடியில இருந்து தெரியும்ல? பிள்ளைங்க பள்ளிக்கூடம் கிளம்பறதுக்கு முன்ன வீட்டுக்கு ஒரு சாமான் வெச்சிட்டு வரும். அதான் எங்க இடம். தோட்டத்துப் பைப்படியில அந்தக் காலத்துல இருந்து இதே வழக்கம்தானே."

ஆக, பேய்கள் பதினொன்றும் அகப்பட்டுவிட்டன. வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப அழகம்மாக்கா இதச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள் உமாராணி.

"சொன்னா ஓட்டைய அடைச்சிடுவாங்களே. வேலை போனா அதுக்கு மட்டும் போகும்."

லயத்தின் முனையில் பழைய இரும்புக் குழாய் ஒன்று மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு மூடி. மீட்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்தக் குழாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ராமையா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள எங்கயோ பார்த்திருக்கேன். மீட்டர்காரர்தானே நீங்க?"

"ஆமா."

"ஒன்பது வருஷமிருக்கும். நல்ல மழை. மோட்டார்ல வந்து மெயின் ரோட்டுல நின்னீங்க. நான்கூடக் கைய ஆட்டினேன். நீங்க திரும்பிப் போயிட்டீங்க. அடுத்த வாரம் வேற ரெண்டு பேரு வந்து கழட்டிட்டாங்க."

இந்த இடத்தில் மிகைப்படுத்த எதுவும் இல்லை. தோட்டம் கைமாறியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்லி ஆபீசில் என்னை அனுப்பினார்கள். மழை. பாதை முழுக்கச் சேறு. காலில் புதுச் சப்பாத்து. மோட்டாரை விட்டு இறங்காமலேயே தாளில் 'குடியிருப்போர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரங்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. பார்த்தேன். வாழை இலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செம்பனைக் காட்டில் வாழைக்கு என்ன வேலை என்று கேட்கிற துப்பறிவாளன் அன்று என்னுள் விழித்திருக்கவில்லை.

உமாராணி எதையாவது சொல்லிக் குத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த டீப் பொட்டலத்தை மெதுவாக வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

டத்தோவுக்குப் போன் போட்டேன். "ஆள் கிடைச்சாச்சு டத்தோ. டத்தினையும் அழகம்மாவையும் கூட்டிக்கிட்டுப் பின்பக்கமா வாங்க."

இருபது நிமிடத்தில் கருப்புக் காடி ஒன்று செம்மண் புழுதியில் நீந்தி வந்து நின்றது. டத்தின் இறங்கி, லயத்தையும், அதற்கப்பால் தெரிந்த தன் வீட்டு பால்கனியையும் மாறி மாறிப் பார்த்தார். அழகம்மா பின் இருக்கையிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றாள். நாங்கள் சுவரோரம் நடந்து வரிசைக்கு முன்னால் போய் நின்றோம். ராமையாவும் நாலைந்து பெண்களும் சற்றுத் தள்ளி நின்றார்கள். சுவரின் அடியில், கைமுஷ்டி அளவு ஓட்டை.

"டத்தின், இது செய்வினை இல்ல," என்றேன். "ஒவ்வொண்ணும் ஒரு வீடு. தண்ணிக்கு நிக்கிற வரிசை."

"கதை," என்றார் டத்தோ. குரல் அமைதியாகத்தான் இருந்தது. "செருப்பு வரிசையில நிக்குமா? நானும் தோட்டத்துப் பக்கம் பிறந்தவன்தான். அப்பா தோட்ட ஆபீஸ்ல பெரிய கிராணி. இப்படி ஒரு வழக்கம் எந்தத் தோட்டத்துலயும் நடந்தது கிடையாது. இந்த அம்மா என் மனைவியப் பயமுறுத்த வெச்சிருக்கு."

பேசிக்கொண்டே நடந்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். விலையுயர்ந்த சப்பாத்து, தினமும் விழுகிற தண்ணீரில் ஊறி வழுக்குகிற சேறு. ஆனால் ஒரு பொருளைக்கூட அவர் தாண்டவில்லை; ஒன்றையும் இடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போனார். காடியில் உமாராணி கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

"உமா, உன் சாப்பாட்டு டப்பாவக் கொடு."

"அதுல என் நாசி லெமாக் இருக்குண்ணே!"

"கொடு லா."

டப்பாவை வாங்கி, எல்லாவற்றுக்கும் முன்னால், பால்மாவு டின்னுக்கும் முந்தி, முதல் இடத்தில் வைத்தேன். சும்மா வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டேன்.

"ஏய், அங்க வைக்காதீங்க," என்றார் டத்தோ. "புதுசா வர்றது கடைசியிலதான் வைக்கணும்."

சொல்லிக்கொண்டே குனிந்து டப்பாவை எடுத்துவிட்டார். வரிசையின் கோடி வரை நடந்தார். ஒற்றைச் செருப்புக்கு அடுத்து ஒரு சாண் விட்டு வைத்தார். பிறகு டப்பாவின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி விட்டார். அப்போதுதான் நானே கவனித்தேன், கண்ணாடியின் கம்பியும் செருப்பின் வாரும் எல்லாம் சுவரைப் பார்த்தே இருந்தன.

நிமிர்ந்தபோதுதான் தன் கை என்ன செய்தது என்று அவருக்குத் தெரிந்தது.

ராமையாவுக்குப் பின்னால் நின்ற பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டத்தின்.

டத்தோ கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் மனைவியிடமே மறைத்ததை இத்தனை பேருக்கு நடுவில் சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. யாராவது முதலில் விழுந்தால் அடுத்தவனுக்கு விழுவது கொஞ்சம் சுலபம். நான் விழுந்தேன்.

"டத்தோ, நீங்க பார்த்த தண்ணி ஆபீஸ் காகிதத்துல இருக்கிற கையெழுத்து என்னுது. உள்ள வந்து பார்க்காமலே ஆள் இல்லன்னு எழுதினேன். இந்த ஐயா கையாட்டினதப் பார்த்துக்கிட்டே எழுதினேன். நாளைக்கு ஆபீசுக்குப் போயி, அது பொய்யின்னு எழுதிக் கொடுக்கப் போறேன். பென்ஷன நிறுத்தினா நிறுத்தட்டும்."

அப்போதுதான் அழகம்மா வாயைத் திறந்தாள். அந்தக் காலையில் அவள் பேசிய முதல் பேச்சு.

"டத்தோ, நான் வேலைய விட்டுப் போயிடறேன். போலிசுக்குச் சொன்னாலும் சரி. அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிடாதீங்க."

டத்தின் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறவர்போல இருந்தது அந்தப் பார்வை.

"இதுல எது உன் வீடு?"

"நாலாவது கதவு. நீல மூடி எங்களுது டத்தின்."

"தினமும் காலையில காப்பி குடிச்சிக்கிட்டு இந்தக் கூரையத்தான் பார்ப்பேன்," என்றார் டத்தின். "மாட்டுக் கொட்டாய்னு நினைச்சேன், அழகம்மா. சத்தியமா மாட்டுக் கொட்டாய்னுதான் நினைச்சேன்."

அழகம்மா என்ன சொல்வாள்? உமாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டதாக நான் சொன்னால், தூசி என்பாள்.

டத்தோ வரிசைக்குப் பக்கத்தில், சேற்றிலேயே, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் காற்சட்டை என்று அவருக்கு நினைவில்லை. நாற்காலி இல்லாத இடத்தில் வளர்ந்தவன் மட்டும்தான் அப்படி உட்கார முடியும்.

"அழகம்மா," என்றார், நிமிராமல். "பத்து மணி ஆகட்டும்னு நிக்க வேணாம். காவல்காரனப் பத்திக் கவலைப்படாத. டத்தினோட காடியில போயி ஃபில்டரத் திற. கடைசி வீடு பிடிக்கிற வரைக்கும் மூடாத."

டத்தின் அழகம்மாவுக்குத் தானே முன் கதவைத் திறந்துவிட்டு, காடியை ஓட்டிக்கொண்டு போனார்.

டத்தோ அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து ஓட்டையில் களகளவென்று சத்தம் கேட்டது. கலங்கல் தண்ணீர் முதலில் வந்து அவருடைய சப்பாத்தை நனைத்தது. பெண்கள் குடங்களோடு நெருங்கி, அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். அவர் எழுந்து வழிவிட்டார்.

பிறகு என்னருகே வந்தார். இதுவரை மிஸ்டர் வேலு என்று கூப்பிட்டவர்.

"அண்ணே, எங்கப்பா கிராணி இல்ல. கக்கூசு கழுவினவரு. எங்க வீட்டுக்குன்னு ஒரு ஓட்டை வாளி இருந்துச்சு. விடியறதுக்கு முந்தி நான்தான் அதக் கொண்டுபோயி பைப்படியில வைப்பேன். எங்கள எப்பவும் கடைசியிலதான் விடுவாங்க, முறையே மாத்த மாட்டாங்க. அதனாலதான் அந்த வரிசைய என்னால மறக்க முடியல." தண்ணீர் பிடிக்கிறவர்களையே பார்த்தபடி சொன்னார். "மாடியில இருந்து முத நாளே கண்டுபிடிச்சிட்டேன். என்னான்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேன். இப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னு நான் சொன்னதுதான் பொய்ண்ணே. எல்லாம் நடந்ததுதான்."